உண்மை அனுபவப் பிரிவு

நெடுந்தீவில் நான் எட்டாம் ஆண்டு படித்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஓர் இலக்கியச் சஞ்சிகை மாணவர்களுக்குப் போட்டி அறிவித்திருந்தது. கவிதை ஒரு பிரிவு, உண்மை அனுபவம் மற்றப் பிரிவு. தமிழ் ரீச்சர் விண்ணப்பத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வந்து, யார் எழுதப்போகிறீர்கள் என்று கேட்டார். வேறு யாரும் கை உயர்த்தாததால் தீவின் மானம் என் தலையில் ஏறியது.

கவிதை ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. எங்கள் தீவுக் குதிரைகளைப் பற்றி, ஒவ்வோர் அடியும் ‘ஓடுதே’ என்று முடியும்படி எழுதினேன். உண்மை அனுபவம்தான் சிக்கல். அதுவரை எனக்கு நடந்ததெல்லாம் ஒரு மாடு துரத்தியதுதான். அதனால் தம்பியை எடுத்துக்கொண்டேன்.

தம்பி இறந்து மூன்று வருடமாகியிருந்தது. ஒன்பது மாதக் குழந்தை. வலிப்பு வந்ததும், தீவு ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளித்த நாள்; பயணிகள் படகு ஓடவில்லை. அப்பா தன் மீன்பிடிப் படகில் அம்மாவையும் தம்பியையும் ஏற்றி அக்கரையிலுள்ள குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுபோனார். அங்கே வான் வண்டி ஒன்றில் அம்மா தம்பியோடு முந்திப் போக, படகைக் கட்டிவிட்டு அப்பா பஸ்ஸில் போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமி வீட்டில் விடப்பட்டிருந்த எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நானே நிரப்பினேன். வைத்தியர் ஒருவர் இரண்டு மணித்தியாலம் போராடினார்; கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அந்த இடத்தை வாசித்தபோது எனக்கே அழுகை வந்தது. தம்பி செத்தபோது அப்படி அழுததாக ஞாபகமில்லை.

எழுதியது உண்மை என்று தாயோ தந்தையோ ஒப்பமிட வேண்டும் என்பது விதி. அப்பா கடலுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு நான்கு பக்கத்தையும் வாசித்தார்.

“இதுக்கு நான் கையெழுத்து வைக்க ஏலாது” என்றார்.

“ஏனம்மா?”

“தம்பி ஆஸ்பத்திரியிலை சாகேல்லை. வள்ளத்திலை. பாதிக் கடல் வர முந்தியே மூச்சு நிண்டிட்டுது.”

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“தெரியாது. அவர் எஞ்சினைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். அண்டைக்குக் கடல் அப்பிடி. சொன்னால் கையை விட்டிடுவார் எண்டு, கரை வருமட்டும் தம்பியோடை கதைச்சுக்கொண்டு வந்தனான். பாட்டும் படிச்சனான்.”

“பிறகாவது சொல்லியிருக்கலாமே.”

“வாய் வரேல்லைப் பிள்ளை.” அம்மா தாள்களை என்னிடம் திருப்பி நீட்டினார். “எழுதிறதெண்டால் இதை எழுது. கையெழுத்து வைக்கிறன்.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தம்பியின் கால் குளிர்ந்ததை, சேலைத் தலைப்பால் அதைச் சுற்றியதை, அப்பா திரும்பிப் பார்த்து எப்படி இருக்கிறான் என்று கேட்டபோதெல்லாம் ‘நித்திரை’ என்று சொன்னதை. இரண்டு பக்கம்கூட வரவில்லை. அம்மா வாசித்து, ஒரு சொல்லை வெட்டிவிட்டு, விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் தபாற்கந்தோருக்குப் போகும் வழியில் நின்று யோசித்தேன். செத்த பிள்ளைக்குப் பாட்டுப் படித்த தாயைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் என்ன கதைப்பார்கள்? தவிர, அதில் வைத்தியரும் இல்லை, அழுவதற்கு ஓர் இடமும் இல்லை. பையில் இருந்த பழைய நான்கு பக்கங்களையே விண்ணப்பத்தோடு உறையில் வைத்து ஒட்டினேன். அம்மா சொன்னதைக் கிழித்துக் கடலில் போட்டேன்.

பிறகு நான்கு மாதம், படகு வரும் நாளெல்லாம் அம்மா “புத்தகம் வந்ததோ?” என்று கேட்டார். என் வெற்றியில் அவருக்கு இவ்வளவு ஆவலா என்று வியந்தேன்.

குதிரைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மை அனுபவத்துக்கு இரண்டாம் பரிசு. ‘நேர்மையான எழுத்து’ என்று நடுவர் குறிப்பு எழுதியிருந்தார். அம்மா சஞ்சிகையைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்பாவிடம் கொடுத்து, “வாசியுங்கோ” என்றார். அப்பா கதிரையில் இருந்து மெதுவாக வாசித்தார். அம்மா பின்னால் கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முடித்ததும் அப்பா முகத்தைத் துடைத்தார். “ஆஸ்பத்திரியிலை இவ்வளவு பாத்திருக்கினமோ” என்றார். “வள்ளத்தை மெதுவா விட்டிட்டன் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான். உயிரோடை கொண்டுபோய்ச் சேர்த்திட்டன்தானே.”

அம்மா சஞ்சிகையை வாங்கி நின்றபடியே வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடி விழும் என்று காத்திருந்தேன்.

“ஓம், சேர்த்தனீங்கள்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

பரிசு கிடைத்ததால் மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். தன் வாயால் சொல்ல முடியாததை என் கையால் அப்பாவுக்குச் சொல்லத்தான் அம்மா அன்று கையெழுத்து வைத்தார் என்பது விளங்க எனக்குப் பல வருடம் எடுத்தது. அதற்குள் அப்பாவும் இல்லை. பரிசு கிடைத்த அந்த வருடம் முழுவதும் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அப்பா அந்தப் பக்கங்களைக் காட்டினார். அம்மா தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் பெருமையாக இருந்தது.