பூத்த கோட்டு

எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் எனக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். கருநீலம், அசல் கம்பளி. மாப்பிள்ளை மலையாள தேசத்து மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் கணக்கெழுதுகிறவன் என்பது அவருக்குத் தெரியும். மட்டாஞ்சேரிப் புழுக்கத்தில் பனியனே அதிகப்படி என்பது கோயம்புத்தூர்க்காரரான அவருக்குத் தெரியாது.

வரவேற்பன்று கோட்டுக்குள் நான் இட்லி மாதிரி வெந்தேன். அந்த ஈரம் காய்வதற்குள், தையல்காரர் தந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதை மறுபடி திணித்து, மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்து பீரோவில் மாட்டினேன். எழுபதுகளில் உறையைக் கழற்றுவது குடும்பத்துக்கு ஆகாத காரியம். ரேடியோவுக்கு உறை, சூட்கேஸுக்கு உறை, நாற்காலிக்கு உறை. பொருளை அனுபவித்தது உறைதான். நாங்கள் உறையைத் துடைத்தோம்.

மாமனார் எப்போது வந்தாலும் முதல் கேள்வி கோட்டைப் பற்றி. மகளைப் பற்றிய விசாரிப்பு காபிக்குப் பிறகு.

"என்னுங்க மாப்ளே, கோட்டு நல்லா இருக்குதுங்களா?"

பீரோவைத் திறந்து காட்டுவேன். உறையின் மேல் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். அந்து உருண்டை வாசனையும் மூக்கில் ஏறும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட உண்டு.

மைத்துனனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆவணியில் முகூர்த்தம். அழைக்க வந்த மாமனார் வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டே உத்தரவு போட்டார்.

"ரிசப்சன்ல அந்தக் கோட்டத்தான் போடோணும். என்ற மாப்ளே பொருளை எப்படிப் பேணுறாருன்னு சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்கோணுமில்லீங்க."

அவர் ரயிலேறிய மறுநாள், போட்டுப் பார்க்கலாமே என்று கோட்டை உறையோடு ஜன்னலில் மாட்டினேன். வெளியே அடைமழை. உப்புக் கேட்க வந்த பக்கத்து வீட்டுச் சேச்சி, உறைக்குள் உற்றுப் பார்த்தார்.

"அய்யோ சேட்டா, கோட்டு பூத்து போயல்லோ!"

மட்டாஞ்சேரிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியும் என் மலையாளம் கிடங்கு வாசலைத் தாண்டியதில்லை. பூத்துக் குலுங்குகிறது என்று பாராட்டுகிறார் என நினைத்து, கூச்சத்தோடு சிரித்து, "கோயம்புத்தூர்த் துணிங்க சேச்சி" என்றேன்.

சேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பூவல்ல சேட்டா, பூப்பலாணு!"

உறையைக் கழற்றினேன். பூசணம். தோளில் வெள்ளை, காலரில் பச்சை, அக்குளில் ஏதோ ஒரு புதுக் கண்டம். அந்து உருண்டை பூச்சியை விரட்டுமாம்; பூசணம் அதற்குப் பக்கத்திலேயே குடித்தனம் வைத்திருந்தது.

"எங்கப்பா கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள் மனைவி.

"பூ டிசைன்னு சொல்லிடலாம்."

"நெனப்பப் பாரு. எங்கப்பா முன்னால தலைகுனிஞ்சு நிக்கப் போறது நீங்கதானுங்க."

அது உண்மை. மாமனார் ஊரில் எனக்கிருந்த ஒரே நற்பெயர் கோட்டைப் பேணுகிறவன் என்பது. மற்றபடி நான் கணக்கில் சேராத மாப்பிள்ளை.

மழை விட்ட இடைவெளிகளில் கோட்டை வாசலுக்குக் கொண்டுபோய் பிரஷ்ஷால் துலக்கினேன். வீட்டுக்குள் துலக்கினால் பூசணத் தூள் பீரோவுக்கே திரும்பிவிடும் என்று ஒருமுறை துலக்கிய பிறகுதான் மண்டையில் ஏறியது. காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டேன். கம்பி ஹேங்கர் தோளைக் கூன் போட வைத்திருந்தது. அகலமான மரத்தில் ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு என் பழைய வேட்டியில் மனைவி கோட்டுக்கு ஒரு துணியுறை தைத்தாள். ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பீரோவை ஒரு சாண் தள்ளி நிறுத்தி, உள்ளே அடித்தட்டில், ஈரம் சேராதிருக்க, துணி எதிலும் படாமல் ஒரு சின்ன பல்பு எரியவிட்டோம். எனக்கு ஃபேன் கிடையாது, கோட்டுக்கு விளக்கு.

இத்தனையும் செய்த பிறகு கறை போயிற்று, நாற்றம் போகவில்லை. அங்கேதான் என் சொந்த அறிவு வேலை செய்தது. கிடங்கிலிருந்து கேட்டு வாங்கிய மிளகைக் கோட்டுப் பைகள் இரண்டிலும் பிடி பிடியாகப் போட்டேன்.

கல்யாண மண்டபத்தில் மாமனார் என்னைப் பெருமையோடு கட்டிக்கொண்டார். பிறகு மூக்கைச் சுளித்தார்.

"என்னுங்க மாப்ளே, ரச வாசம் அடிக்குது?"

"மட்டாஞ்சேரி சென்ட்டுங்க மாமா."

அடுத்த கணம் தும்மினார். சம்பந்தியும் தும்மினார். நான் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்ட, அதோடு மிளகு சிதறி மேடையில் உருண்டது. என் கதை முடிந்தது என்று நின்றேன். மாமனார் மிளகைப் பார்க்கவில்லை; என் கோட்டின் கையைத் தூக்கிச் சம்பந்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, நான் எடுத்துக் குடுத்த துணி. இன்னும் புதுசு மாதிரி. எல்லாம் பிளாஸ்டிக் கவருங்க. ஒரு நாள் கூடக் கழட்டலீங்க எங்க மாப்ளே!"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மாமனாருக்கு ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உண்மையைச் சொல்லலாம்தான்; சொன்னால் அந்த நற்பெயரும் போய்விடும்.

புறப்படும்போது மாமனார் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். உள்ளே மடிப்புக் கலையாத புதுப் பிளாஸ்டிக் உறைகள். பயபக்தியோடு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். அடுத்த மழையில் ஒன்றை எடுத்து என் சைக்கிள் சீட்டுக்கு மாட்டினேன். பிளாஸ்டிக் உறைக்கு உலகத்தில் விதிக்கப்பட்ட வேலை அதுதான். மற்றவற்றில் ஒன்றை மாமனார் வரும்போது கோட்டின் மேல் போட்டோம். அவர் தலை மறைந்ததும் கழற்றினோம்.