நீல விளக்கடியில் எடுத்த படம்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அவளுக்கு உச்சி அக்கா என்று பெயர். குழந்தையின் உச்சிக்குழியில் ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியின் கைப்பிடியை வலிக்காமல் வைத்து, உள்ளே இருக்கும் மூளையைப் படம் பிடிப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். மண்டை ஓடு இன்னும் கூடாத அந்த இடம் ஒரு சின்ன ஜன்னல். "ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு, அந்த வீட்டுக்காரன் அறுபது வருஷம் எப்படி வாழுவான்னு சொல்லிடுவாங்க நம்ம மகான்கள்" என்பாள்.

மகான்கள் என்றால் டாக்டர்கள். அவள் இரண்டு மார்க்கில் டாக்டர் படிப்பைத் தவறவிட்டவள். அந்த இரண்டு மார்க்கை இன்றுவரை அவள் மறக்கவில்லை. அடுத்தவர்களையும் மறக்க விட்டதில்லை. செருப்புக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர், "பகல் முழுக்க ஊரான் கால், வீட்டுக்கு வந்தா உன் நாக்கு. நான் என்ன பாவம் பண்ணேனோ" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

அவள் நாக்குக்கு அதிகம் அகப்பட்டவர் இரண்டாம் மாடியில் இருந்தார். அவள் எடுக்கும் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர். தீர்ப்பு என்று அவருக்கு அவள்தான் பெயர் வைத்தாள், ஆஸ்பத்திரி முழுக்க ஒட்டிக்கொண்டது. திரைச்சீலை போட்ட இருட்டறை, சில்லென்ற ஏசி, முதுகு சாயும் நாற்காலி. அவருக்குக் குழந்தை என்றால் விசிறி வடிவத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம். அதற்குக் கை கால் உண்டு என்பதைக் கேள்விப்பட்டிருப்பார். அவர் வார்டுப் பக்கம் எட்டிப் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

"நடப்பது கடினம்னு எழுதுறாரே, அவரே நாலு படி இறங்கி இங்க வந்ததில்லையே" என்று உச்சி அக்கா சொன்னபோது நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஏழாம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த குழந்தைக்கும் அவர் தீர்ப்பு எழுதினார். இருபத்தொன்பதாம் வாரத்தில் பிறந்த பையன். எடை ஒரு கிலோவும் கொஞ்சமும். ஏழாம் நாள் எடுத்த படத்தைப் பார்த்து, மூளையின் நீர்க்குழிகளைச் சுற்றி வெண்மை, பாதிப்பு, வளர்ச்சி கடுமையாகப் பின்தங்கும் என்று மூன்று வரி. அத்தோடு விட்டாரா? குடும்பத்தைத் தன் அறைக்கே கூப்பிட்டு, வாட்ச்சைப் பார்த்தபடி வாயாலும் சொன்னார்.

மறுநாளிலிருந்து குழந்தையின் அம்மா வரவில்லை. அதுவரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், தையல் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு, சின்னக் கிண்ணத்தில் தாய்ப்பால் கொண்டுவந்தவள். அவளுக்குப் பதிலாக மூன்றாம் நாள் அவளுடைய நாத்தனார் வந்தாள். பின்னால் குழந்தையின் அப்பா, தன் அக்காவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு.

"வீட்டுக்குக் கொண்டு போறோம். பேப்பரக் குடுங்க, தம்பி கையெழுத்துப் போடுவான்" என்றாள் நாத்தனார்.

"ட்யூப எடுத்தா ஒரு நாள்கூடத் தாங்காதும்மா" என்றாள் ஹெட் நர்ஸ்.

"தாங்கி? நடக்காது, பேசாது. வச்சிக்கிட்டு என்ன பண்றது? அவளுக்கு வயசிருக்கு, அடுத்தது பெத்துக்குவா." கடையில் ஓட்டைப் பாத்திரத்தை மாற்றித் தரக் கேட்கிற குரல். "அதான் படத்துலயே வந்துடுச்சே."

அடுத்த பெட்டிக்கு ஸ்கேன் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த உச்சி அக்கா நின்றாள். "படத்துல என்னம்மா வந்துச்சு? பள்ளிக்கூடத்துல ஃபெயில்னு வந்துச்சா?"

"உங்க டாக்டர்தான் சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. நீங்க எந்த ஊர்ல ஏழு நாள் பிள்ளை நடந்து பார்த்தீங்க?"

"வாய் இருக்கறவங்க பேசலாம். வளர்க்கப் போறது நீங்களா?" என்றாள் நாத்தனார். தம்பி கைப்பையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினான். அவன் இந்த விஷயத்தில் செய்த காரியம் அது ஒன்றுதான். பெரிய டாக்டர் நாலு மணிக்கு வருவார், அவர் முன்னால்தான் கையெழுத்து என்று ஹெட் நர்ஸ் சொல்லி அனுப்பினாள். மணி அப்போது ஒன்று.

தீர்ப்பின் மூக்கை உடைப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று உச்சி அக்காவுக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், குழந்தையைக் காப்பாற்றுவது அப்போது இரண்டாம் பட்சம்தான். வண்டியை இருட்டான ஓரமாக நிறுத்தி, ஏழாம் பெட்டியின் படங்களைத் திரையில் வரவழைத்தாள். என்ன இழவைப் பார்த்து எழுதினார் இந்த மனுஷன்?

படம் வெளுத்துத்தான் இருந்தது. அப்போதே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. அவள் கண் படத்தின் ஓரத்துக்குப் போனது. அங்கே வரிசையாகச் சின்ன எண்கள் இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் ஒன்று கெயின். அந்தக் குமிழைத் திருகினால் படம் முழுவதும் வெளுக்கும், இறக்கினால் கறுக்கும். ஐம்பதைச் சுற்றி இருக்க வேண்டிய எண் எழுபத்தெட்டு என்றது.

திருகியது யார்? அவள் கை.

மூன்று வாரத்துக்கு முன் வார்டுக்கு மஞ்சள் காமாலைக்கான புது நீல விளக்குகள் வந்தன. அவற்றில் ஒன்று ஆறாம் பெட்டிக்கு மேலே. அது எரிந்தால் ஏழாம் பெட்டிப் பக்கம் ஸ்கேன் திரையில் ஒன்றும் தெரியாது. அஞ்சு நிமிஷம் அணைங்க சிஸ்டர் என்று கேட்டதற்கு, "விளக்கு நேரம் குறைஞ்சா என் தலைதான் உருளும்" என்று ஹெட் நர்ஸ் மறுத்துவிட்டாள். சரிதான் போ என்று அவள் குமிழைத் திருகிவிட்டாள். நீல வெளிச்சத்தில் படம் சரியாகத்தான் தெரிந்தது. அதே படம் தீர்ப்பின் இருட்டறைக்குப் போனபோது மூளை முழுக்க வெண்மை.

ஊரிலுள்ள அத்தனை மகான்களையும் சந்தி சிரிக்க வைத்தவளுக்குத் தன் கை தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல் இன்னொரு படம் எடுத்து, வெண்மை குறைந்துவிட்டது என்று அனுப்பிவிடலாம். ஒரு காக்கைக்குக்கூடத் தெரியாது. ஆனால் பழைய ரிப்போர்ட் பழைய ரிப்போர்ட்டாகவே இருக்கும், அதை வைத்து நாலு மணிக்கு அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். தவிர, இந்த மூன்று வாரத்தில் அந்த விளக்குப் பக்கம் இன்னும் நாலு குழந்தைகள். அவள் படி ஏறினாள்.

"என் ரிப்போர்ட் தப்புங்கிறியா?" என்றார் தீர்ப்பு, நாற்காலியிலிருந்து முதுகை எடுக்காமல்.

"இல்ல சார். என் படம் தப்பு. கெயினை நான்தான் ஏத்தி வச்சேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம், நாக்கு நிற்கவில்லை. "அதுக்கு மேல உங்களோடது ஒன்னு இருக்கு. நீர்க்குழிக்குள்ள எப்பவும் வெள்ளையா ஒரு பின்னல் இருக்குமே, அதோட ஒப்பிட்டுத்தானே மத்த இடம் வெளுத்துச்சா இல்லையான்னு பார்க்கணும்? இதுல பின்னலும் வெள்ளை, பக்கமும் வெள்ளை, மொத்தமும் வெள்ளை. உங்களுக்குச் சந்தேகமே வரலியா?"

அவர் படத்தைப் பார்த்தார். ஓரத்து எண்ணைப் பார்த்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, கழுவுகிற தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், வார்டுக்கு வந்தார். ஆறாம் பெட்டி விளக்கு அணைந்தது. ஹெட் நர்ஸ் இம்முறை தலையைப் பற்றிப் பேசவில்லை. உச்சி அக்கா ஜெல்லைக் கையிலேயே சூடாக்கித் தடவினாள். குழந்தை ஒரு முறை நெற்றியைச் சுருக்கியது. படம் சாம்பல் நிறத்தில் வந்தது, பின்னல் மட்டும் வெள்ளையாக, மற்றதெல்லாம் அமைதியாக.

"நார்மல். பையன் ஓடுவான்" என்றார் தீர்ப்பு.

"முந்தாநாள் அவன் ரெண்டு காலையும் எடுத்தீங்க. இன்னைக்கு ஓட்டப் பந்தயத்துல விடுறீங்க" என்று அவள் முணுமுணுத்தாள்.

மூன்று மணிக்குள் குழந்தையின் அம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நாத்தனாரும் தம்பியும் கூடவே வந்தார்கள். அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை, கதவோரம் நின்றாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. தீர்ப்பு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஒன்னும் இல்லைம்மா, உங்க பையன் ஓடுவான்" என்றார். அதே குரல், அதே வாட்ச் பார்வை.

"அப்படி இல்லைம்மா" என்றாள் உச்சி அக்கா. தீர்ப்பு திரும்பி முறைத்தார். "முதல் படம் என் தப்பால வெளுத்துச்சு. அது உங்க பிள்ளையோட குத்தம் இல்ல. இப்ப எடுத்ததுல பயப்படற மாதிரி ஒன்னும் தெரியல. ஆனா ஓடுவானா, எப்படிப் பேசுவான், அதெல்லாம் இதுல தெரியாது. இன்னும் மூணு வாரம் கழிச்சுப் பார்க்கணும். பொறக்க வேண்டிய தேதியில மறுபடி. அப்பவும் முக்கால்வாசி தெரியாது. ரெண்டு வயசுக்கு மேல அவனே சொல்லுவான்."

"ரெண்டு நாளா பாலைப் பாத்ரூம்ல பீச்சி ஊத்தினேன்" என்றாள் அம்மா. "எதுக்குக் குடுக்கணும்னு அண்ணி கேட்டாங்க. நானும் ஊத்தினேன். உங்க மெஷினால."

"என்னால" என்றாள் உச்சி அக்கா.

"அதான், அவங்களுக்கே தெரியலியாமே" என்று இடையில் புகுந்தாள் நாத்தனார். "நாளைக்கு இன்னொன்னு சொல்லுவாங்க. தெரியாததை நம்பி எத்தனை நாளு? தம்பி, நீ கையெழுத்தப் போடு." பேனாவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

தம்பி அக்காவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அவங்களுக்குத் தெரியாதுன்னா உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் அண்ணி?" என்றாள் அம்மா. யாரும் காட்டாமலே தொட்டிப் பக்கம் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பெட்டியின் வட்டக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு, பையனின் பாதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். உச்சி அக்கா நாக்கை அடக்கிக்கொண்டு ஜெல் பாட்டிலைத் துடைத்தாள். நீல விளக்கில் எடுத்ததில் மறுபடி பார்க்க இன்னும் நாலு பெட்டி பாக்கி இருந்தது.

அம்மா திரும்பாமலே கணவனிடம் சொன்னாள்: "அந்தப் பையை அவங்ககிட்டயே குடுத்து, அவங்கள வீட்டுல விட்டுட்டு வாங்க. பேனாவையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."