தண்ணீர் நாளில் போகும் படம்

ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் சந்திரம்மாவின் குரல் தெரியாத வீடு ஒன்று இருந்தால், அந்த வீட்டில் டீவி இல்லை என்று அர்த்தம்.

மாலை ஆறரை மணிக்கு முனிராஜின் கேபிள் டீவியில் பாட்டு நிற்கும். குத்துவிளக்குப் படம் ஒட்டிய அட்டை திரையில் வரும். அதன் பின்னாலிருந்து அவள் பேசுவாள். "வணக்கம். நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் ஐந்து சந்துகளுக்குத் தண்ணீர் வரும். பிடித்து வைத்துக்கொள்ளவும்." தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை. அவ்வளவுதான். ஆனால் அந்த அரை நிமிஷத்துக்கு எல்லா வீட்டிலும் கரண்டிச் சத்தம் நிற்கும்.

தொண்ணூற்றிரண்டில் முனிராஜ் தன் மொட்டைமாடியில் குடை மாதிரி ஒரு டிஷ்ஷைக் கவிழ்த்து வைத்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் இரண்டு வீடியோ டெக்கை அடுக்கி அந்த டீவியை ஆரம்பித்தார். முதலில் சினிமாப் படம் மட்டும். பிறகு பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, கரக ஊர்வலம் என்று அந்தச் சந்துகளின் வாழ்க்கையே அதில் ஓட ஆரம்பித்தது. சந்திரம்மாவின் புருஷன் அப்பாதுரைக்குத் தண்ணீர் வால்வு திறக்கும் வேலை. எந்தத் தெருவுக்கு என்றைக்குத் திறக்கப்போகிறார் என்பது முதல் நாளே அவள் காதுக்கு வந்துவிடும். விடிந்தால் வாசலில் பத்துப் பேர். அந்தப் பத்தில் ஒருத்தி முனிராஜின் மனைவி. "அக்கா, ஒவ்வொருத்தருக்கா சொல்லி ஏன் தொண்டை காயணும்? எங்க மைக்குல ஒரே தடவை சொல்லிடுங்க" என்று முனிராஜ் வந்து கூப்பிட்டார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் அவள். வீடு துடைக்கும் வேலைக்குப் போய் அடுத்தவர் பேச்சைக் கேட்டே பழகியவள். அவள் பேச்சை ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து ஆறு மணிக்கு முகம் கழுவி, புடவை மாற்றி, பொட்டு வைத்துக்கொண்டுதான் மைக்குக்குப் போவாள்.

"முகமே தெரியாத வேலைக்கு எதுக்குடி இவ்வளோ பவுடரு?" என்பார் அப்பாதுரை.

"குரல்ல தெரியும்" என்பாள்.

அவளுடைய தம்பி ரவிக்குமாரும் அந்த டீவியில்தான் இருந்தான். மாடிக்கு மாடி தாவிக் கறுப்பு வயரை இழுத்துக் கட்டிய லைன்மேன். அம்மா போன பிறகு அவனைத் தோளில் போட்டு வளர்த்தது சந்திரம்மா. கீழ்ச் சந்துகள் மூன்றுக்கும் போகிற பெரிய வயர் அவள் மாடியில் தலை உயரத்தில் ஓடி, அடுத்த மாடியான லட்சுமம்மா வீட்டில் ஒரு ஜாயின்ட்டில் சேர்ந்து கீழே இறங்கியது. கட்டி முடித்த அன்றே, "இதுல கை வைக்காதக்கா, ஜாயின்ட்டு ரொம்ப நாஜூக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் இறங்கினான்.

தொண்ணூற்றாறு தை மாசம் ரவிக்குமார் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் கேபிள்காரரிடம் வேலைக்கு மாறினான். அங்கே பைக் கொடுத்தார்கள். முனிராஜ் தடுக்கவில்லை. அவன் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார். இரண்டு கேபிள்காரர்களுக்கும் ஏற்கெனவே ஆகாது. வயரை வெட்டிவிட்டு, 'அவன் லைனு சரியில்ல, எங்கிட்ட வாங்க' என்று வாடிக்கை வீடு பிடிப்பது அந்தக் காலத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம்.

சித்திரையில் அது ஆரம்பித்தது. காலை பதினோரு மணிப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ச் சந்துகளில் திரை முழுக்கப் புள்ளி விழுந்தது. நாலு மணிக்குப் புது லைன்மேன் வந்து பார்த்தான். ஜாயின்ட் கழன்று கிடந்தது. "தானா கழல்ற ஜாயின்ட் இல்லீங்க. யாரோ பிடிச்சு இழுத்திருக்காங்க" என்றான். நாலு நாள் கழித்து மறுபடியும். மறுபடியும் நாலு நாள் கழித்து.

ஒரு சாயங்காலம் சந்திரம்மா மைக் முன்னால் உட்காரப் போனபோது, முனிராஜ் நாள்காட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"சிவப்பு வட்டம் படம் போன நாளு. நீலக் கோடு நீங்க பேசின நாளு. பாருங்கக்கா."

பார்த்தாள். ஒவ்வொரு நீலக் கோட்டுக்கும் அடுத்த கட்டத்தில் ஒரு சிவப்பு வட்டம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நீங்க பேசலேன்னா படம் போறதில்ல. பேசினா, மறுநாளே போகுது. உங்க தம்பி எங்க வேலை செய்றான்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டு டீவியில மட்டும் படம் நிக்கறதில்லன்னும் தெரியும். நான் இன்னா நினைக்கணும், நீங்களே சொல்லுங்க."

முனிராஜ் மைக்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்று குத்துவிளக்கு அட்டை மட்டும் வந்தது. தண்ணீர்ச் செய்தியைக் கீழே எழுதி ஒட்டியிருந்தார்கள். குரல் இல்லை.

சந்துக்குச் செய்தி போகக் காலா வேண்டும்? மறுநாள் குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. முதுகுக்குப் பின்னால், "தண்ணி வருதுன்னு சொல்றதே சிக்னலாம்மா. அக்கா சொல்ல, தம்பி வெட்ட" என்று ஒரு குரல். குடம் நிரம்பி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஊர் சந்தேகப்பட்டது ஒரு பக்கம். அவளுக்குள்ளேயே ஒரு புழு நெளிந்ததே, அதை யாரிடம் சொல்வாள்? ரவி ஏன் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து போகிறான்? கையில் ஏன் கீறல்? அவன் குளிக்கப் போன நேரத்தில் அவன் பையைத் திறந்தாள். கட்டிங் பிளேயர். அதற்குக் கீழே ஒரு முழ நீளக் கறுப்பு வயர். அதில் முனிராஜ் தன் வயர்களுக்கு அடையாளமாகப் பூசும் சிவப்புப் பெயின்ட்.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்த வயரை வைத்தாள்.

"இது இன்னாடா?"

"பழைய துண்டுக்கா. அங்க இருந்தப்ப மிஞ்சினது. டூல்ஸ் டப்பாவைக் கட்டி வச்சிருந்தேன்."

"என் சோத்தத் தின்னுட்டு என் வாயையே கட்டறியா? யாரு சொல்லி வெட்டற?"

ரவி அவளையே பார்த்தான். பிசைந்த சோறு கையில் அப்படியே இருந்தது. "என் பையத் தேடினியா நீ?" என்று கேட்டான். அவன் கையைக் கழுவினான். "நீ பேசினா ஊரே நம்புச்சு. நான் பேசினா நீ நம்ப மாட்ட. சரி." சட்டையை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கேபிள் வேலையையும் விட்டு, பஸ் ஏறிப் போக வேண்டிய ஆனேக்கல்லில் ஒரு சிநேகிதனிடம் சேர்ந்துவிட்டான் என்று மூன்றாம் நாள் அப்பாதுரை விசாரித்து வந்து சொன்னார்.

நாலாம் நாள் தண்ணீர் வந்தது. பதினோரு மணிக்குப் படம் போனது.

சந்திரம்மா முனிராஜிடம் ஓடினாள். "நான் மைக்குல பேசவே இல்ல, அவன் ஊர்லயே இல்லண்ணா. அப்பவும் போச்சே."

"தண்ணி நாளு உங்க வீட்டுக்குத்தானே மொதல்ல தெரியும். ஆனேக்கல்லுலருந்து பஸ் இல்லியாக்கா?" என்றார் முனிராஜ். முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், எந்தக் காரணத்தைக் காட்டினாலும் எழுந்து போகாது. வெட்டுகிற கையைக் கண்ணால் பார்த்து, பிடித்துக் காட்டினால் ஒழிய அவளுக்கு அந்த மைக்கும் இல்லை, அந்தச் சந்தும் இல்லை.

அடுத்த தண்ணீர் நாளில் துவைத்த துணிப் பக்கெட்டோடு மாடிக்குப் போனவள் இறங்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். எதிர் மாடியில் ஒரு ஆள் வந்து நின்றான். அவன் பீடி குடித்துவிட்டுப் போனான். ஏணி எடுத்துக்கொண்டு ஒருவன் சந்தில் போனான். பெயின்ட் அடிக்கிறவன். பதினோரு மணி ஆயிற்று. கீழ்ச் சந்திலிருந்து பதினோரு மணிப் படத்தின் டைட்டில் இசை பல வீடுகளிலிருந்து ஒன்றாக எழுந்து வந்தது.

அப்போது பக்கத்து மாடிக்கு லட்சுமம்மா ஏறி வந்தாள். இடுப்பில் நனைந்த ஜமக்காளம். சித்திரையில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவைதானே, சேர்த்து வைத்த கனத்த துணியெல்லாம் அன்றைக்குத்தான் வெளுக்கும். ஜமக்காளத்தை உதறினாள். தூக்கி, கறுப்பு வயரின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் சமமாக வர ஒரு இழு இழுத்தாள்.

கீழே இசை அறுந்தது. "படம் போச்சு" என்று ஒரு வீட்டில் ஆரம்பித்து வரிசையாக எல்லா வீட்டிலும் கேட்டது.

சந்திரம்மா எழுந்து நின்றாள். "லட்சுமம்மா. அதுல துணி போடலாம்னு உனக்கு யாரு சொன்னாங்க?"

லட்சுமம்மா திகைத்துப் பார்த்தாள். "யாரு சொல்லணும்? நீதானே மொதல்ல போட்ட. பொங்கல்ல உன் துணிக்கயிறு அறுந்துச்சே, அப்ப அதுமேல துணிய ஹாக்கிதே. அதைக் கண்ணால நோடிட்டு நானும் போட்டேன். நாலு மணிக்குள்ள ஒணங்கிடுது, எடுத்துடறேன். அதோ பாரு, இப்பக்கூட."

அவள் விரல் காட்டிய பக்கம் சந்திரம்மா திரும்பினாள். தன் மாடியில், தன் தலைக்கு மேல், காலையில் தானே போட்ட அப்பாதுரையின் காக்கிச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. இதுல கை வைக்காதக்கா என்று சொன்னவனின் தட்டுக்குப் பக்கத்தில்தான் அவள் வயர்த் துண்டை வைத்தாள்.

இரண்டு மாடியிலும் வயரை வெறுமையாக்கிவிட்டு முனிராஜிடம் போனாள். பாதியை மறைத்திருக்கலாம். லட்சுமம்மாவின் ஜமக்காளத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முழுக்கக் கேட்ட முனிராஜ் நாள்காட்டியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணீர் நாள், துணி நாள், சிவப்பு வட்டம். "த்தூ, நானும் ஒரு மனுஷன்" என்று பீரோவைத் திறந்தார்.

அன்று மாலை ஆறரைக்குக் குரல் வந்தது.

"வணக்கம். கேபிள் வயரில் யாரும் துணி போட வேண்டாம். படம் போனதுக்குக் காரணம் அதுதான். யாரும் வெட்டவில்லை. முதல் துணியைப் போட்டது நான். என் தம்பி ரவிக்குமார் மேல் சொன்னதெல்லாம் பொய். நானே சொன்ன பொய்யும் அதில் இருக்கிறது." கன்னடத்திலும் சொன்னாள். இரண்டாம் தடவை குரல் உடைந்தது.

ஐந்து சந்தும் கேட்டது. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. அந்த வயர் ஆனேக்கல் வரைக்கும் போகாதே.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். ரவி ஒரு கம்பத்தின் மேல் இருந்தான். கீழே குனிந்து பார்த்து, "பை அங்க மரத்தடியில இருக்கு, தேடிக்கோ" என்றான். அவள் மரத்தடியில் உட்கார்ந்தாள். பையைத் தொடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தவனிடம் காக்கிச் சட்டையைப் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். கொண்டுபோன தயிர் சாதத்தைத் தின்றான். ஆனால் கூட வரவில்லை. அதற்குப் பிறகு பண்டிகைக்கு வருவான், சாப்பிடுவான், பொழுதோடு கிளம்பிவிடுவான். பையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டான். பிறகு தானே வாங்கின பைக்கின் பெட்டியிலேயே பூட்டிவிட்டு வருவான். அதை ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்தாள். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் முனிராஜ் தன் இணைப்புகளை ஒரு பெரிய கம்பெனிக்கு விட்டுவிட்டார். கம்பெனியின் வயர் மண்ணுக்கடியில் வந்தது. அவர்களுடைய நூறு சேனலில் ஸ்ரீராம்புரத்துத் தண்ணீருக்கு இடம் இல்லை. கடைசி அறிவிப்பு நாளில் சந்திரம்மா புதுப் புடவை கட்டிப் போய், தண்ணீர் வரும் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பழைய வயரைக் கழற்ற ஆள் தேடினார்கள். "போட்ட கைதான் கழட்டணும்" என்று ரவிக்குமார் வந்தான். மாடி மாடியாகச் சுருட்டிக்கொண்டு அவள் மாடிக்கு வந்தபோது பிளேயருக்காகத் திரும்பிப் பார்த்தான்.

"பை கீழ பைக்குல இருக்கு. எடுத்துட்டு வாக்கா" என்று சாவியை நீட்டினான்.

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியபடியே.

அவன் திறந்து பிளேயரை எடுத்தான். லட்சுமம்மா வீட்டுப் பக்க ஜாயின்ட்டை வெட்டினான். அவள் மாடியில் மிஞ்சிய வயரைச் சுருட்டாமல், அதன் நுனியைச் சுவர் ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டான். தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

"இனிமே போட்டுக்கோ" என்றான். "ஜமக்காளமே தாங்கும்."