டிரைவுக்குள் சாம்பிராணி

அந்த மேனேஜரைப் பார்த்தவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை. பாலவனத்தம் ரோட்டில் ஒரு நூல் மில். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் மூன்று நாளாக நின்று நின்று போகிறதென்று கூப்பிட்டிருந்தார்கள். டிரைவ் ரிப்பேர்தான் என் பிழைப்பு. பையைக் கீழே வைப்பதற்குள் அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"எலக்ட்ரீசியன் வயரை மாத்திக் குடுத்துக் கெடுத்துட்டான். அதை அப்படியே ரிப்போர்ட்டுல எழுதிருங்க. இவனை அனுப்பிட்டு வேற ஆளு போடணும்."

இவன் என்றது பக்கத்திலேயே நின்றவரை. திருச்சுழிப் பக்கத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர். ஆளை வைத்துக்கொண்டே இப்படிப் பேசுகிற வாயை என்னால் சகிக்க முடியாது. "பாக்காம எதையும் எழுத மாட்டேன் சார்" என்றேன்.

கரண்டை நிறுத்தி, டிரைவ் இருந்த பேனல் பெட்டியைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். உள்ளே தேங்கிய கரண்டு வடியுமுன் கை வைத்தால் ஆள் காலி.

"கையக் கட்டிக்கிட்டு நிக்கத்தான் வந்தீகளா?"

"அவசரம்னா நீங்க கை வைங்க சார்."

இரண்டடி தள்ளிப் போனார். வயரெல்லாம் சரியாக இருந்தது. மோட்டாரிலும் குறையில்லை. மறுபடி கரண்டு கொடுத்தால், வோல்டேஜ் கூடிவிட்டதென்று டிரைவ் நின்றது. அதன் திரையில் எழுநூற்றுத் தொண்ணூறு. அதே இடத்தில் என் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஐந்நூற்று எண்பது. இல்லாத வோல்டேஜைக் காட்டி டிரைவ் தானே நின்றுகொள்கிறது.

மறுபடி நிறுத்தி, மறுபடி பத்து நிமிடம் நின்று, டிரைவுக்குள் இருந்த சர்க்யூட் போர்டைக் கழற்றினேன். வோல்டேஜை அளக்கும் இடம் முழுக்கப் பிசுபிசுவென்று கருப்பு. விரலால் தேய்த்து முகர்ந்தேன். சாம்பிராணி!

எலக்ட்ரீசியன் தணிந்த குரலில் சொன்னார்: "வெள்ளிக்கெழம பூசைக்கு, பேனலைத் தொறந்து உள்ள பொகை காட்டச் சொல்லுவாக தம்பி. மேனேஜர் ஆர்டரு."

வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தாலும், நூல் அறாமலிருக்க மில்லுக்குள் ஈரக்காற்று விடுவார்கள். டிரைவின் ஃபேன் புகையையும் பஞ்சுத் தூசியையும் அந்த ஈரத்தோடு சேர்த்து உள்ளே இழுத்திருக்கிறது; படிந்த பிசுக்கில் கரண்டு கசிந்து அளவு தப்பாகியிருக்கிறது. ஸ்பிரிட் விட்டுத் துடைத்துக் காயவைத்தேன். திரையிலும் மீட்டரிலும் ஒரே அளவு வந்தது. மோட்டார் ஓடியது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மேனேஜரின் மூக்கை உடைத்துவிட்டேன் என்று நினைப்பு. கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'வயரிங் சரி. பேனலுக்குள் சாம்பிராணிப் புகை காட்டியதால் போர்டில் கரி படிந்து பழுது.' நீட்டினேன். இரண்டு தரம் படித்தார். எலக்ட்ரீசியன் பக்கம் திரும்பினார்.

"பொகை காட்டுனது யாரு?"

"நீங்கதான சார் காட்டச் சொன்னீக."

"நான் சொன்னா? எலக்ட்ரீசியன் நீயா, நானா? நாளையிலருந்து வராத."

'மேனேஜர் சொன்னபடி' என்று இரண்டு வார்த்தை சேர்க்கக் காகிதத்தைக் கேட்டேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஓங்கி அறையலாம் போலிருந்தது. அவரையா, என்னையா என்றுதான் தெரியவில்லை.

கேட் வரைக்கும் எலக்ட்ரீசியன் பின்னாலேயே போனேன். சாப்பாட்டுத் தூக்கைச் சைக்கிளில் மாட்டிவிட்டு அவர் சொன்னார்:

"வயர மாத்துனேன்னு எழுதியிருந்தீகன்னா, இல்லவே இல்லன்னு சண்ட போட்டிருப்பேன் தம்பி. பொகை நான் காட்டுனதுதான."