வார்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொன்னவள் நான்

பேச்சியம்மாளின் கட்டிலில் தொங்கிய மூத்திரப் பாட்டில் காலியாக இருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன், காலி. ஒன்றரை மணிக்குப் பார்த்தேன், அப்போதும் காலி. டியூப் போட்டும் ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. பதினாறு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு அது என்னவென்று தெரியாதா? கிட்னி நின்றுபோனால் ஆள் நிற்காது. அவளை அந்தக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது வியாதி இல்லை. நான்தான். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் மேலே படிக்க வேண்டாம் என்றுதான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ரெங்கநாயகி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆண்டாள் கோயில் மணிச்சத்தம் கேட்கிற தூரம். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். நான் தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய் வந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே வார்டு முழுக்க என் பொறுப்பு. நான் கறாரான ஆள். நான் வருகிற செருப்புச் சத்தம் கேட்டாலே எல்லாரும் நிமிர்ந்து நிற்பார்கள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். கிணறுகள் வற்றி, கிடைத்த தண்ணீரை எல்லாம் ஜனங்கள் குடித்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் வாந்திபேதி பிடித்துக்கொண்டது. மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டில் நிறைந்து, வராந்தாவில் பாய் நிறைந்து, கடைசியில் வேப்பமரத்துக் கிளையில் சலைன் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டோம். வேலை பார்க்கிறவர்களுக்கென்று இருந்த ஒரே கக்கூஸையும் நோயாளிகளுக்கு விட்டுவிட்டோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் நான் வாசல் வழியாக நுழையக் கூடாது. கொல்லைப்புறமாக வந்து, கிணற்றடியில் தலைக்கு ஊற்றி, துவைத்த மடிச்சேலை உடுத்திய பிறகுதான் ஒரு வாய் தண்ணீர்கூட. மாமியார் காலத்துச் சட்டம் அது. அந்த வியாதிக் காலத்தில் அதையே வார்டுக்கும் சட்டமாக்கினேன். "வார்டுக்குள்ள காலு வச்சா, வீட்டுக்குப் போய்க் குளிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது. கை வாய்க்குப் போகக் கூடாது. மீறினா எனக்குப் பொல்லாத கோவம் வரும்" என்று எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பெண்களுக்குப் போக ஒரு கக்கூஸ் இல்லாத இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே சௌகரியம் என்று அவர்களும் நினைத்திருப்பார்கள். பத்து நாளாகியும் எங்களில் ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை. என் சட்டம்தான் காப்பாற்றுகிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்தேன். நோயாளிகளுக்கு மட்டும் நாள் முழுக்க உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டிருந்தோம். ஊட்டுகிறவர்கள் உதடு வெடித்துக் கிடந்ததை நான் பார்க்கவே இல்லை.

பேச்சியம்மாள் வார்டு ஆயா. சேத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். நாற்பது வயசு இருக்கும். கல்யாணத்துக்கு நிற்கிற ஒரே மகளைத் தவிர அவளுக்கு யாரும் கிடையாது. பெட்பேன் எடுப்பது, வாளி சுமப்பது, தரையைக் கழுவுவது எல்லாம் அவள்தான். கூட இருந்த ஆயா பயந்துபோய் நின்றுவிட்டதால் இரண்டு பேர் வேலையையும் அவளே இழுத்தாள். முந்தின நாள் காலையில் வந்தவள் வீட்டுக்கே போகவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு, அந்த வெயிலில், குழாயடியில் வாளியோடு சரிந்து விழுந்தாள்.

நோய் தொற்றிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தூக்கிக் கட்டிலில் போட்டோம். டாக்டர் ஓடிவந்தார். வாந்தி இல்லை, பேதி இல்லை. அவள் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின இடம் அப்படியே மடிந்து நின்றது. நாக்கைப் பார்த்தார். பட்டுப்போன கட்டை மாதிரி இருந்தது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே?" என்று கேட்டார்.

"நேத்து காலையில, டாக்டரய்யா."

"தண்ணி எப்ப குடிச்சே?"

"நேத்து பஸ் ஏறுறதுக்கு முன்னாடி குடிச்சேன். பொறவு குடிக்கல. குளிக்காமக் குடிக்கக் கூடாதுல்லா. சிஸ்டர் சொல்லியிருக்காவ."

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்ன வார்த்தைக்காக ஒருத்தி தண்ணீர் வாளியைச் சுமந்துகொண்டே தாகத்தில் சாகப் பார்த்திருக்கிறாள்.

இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினோம். மூத்திரம் இறங்குகிறதா என்று பார்க்க டியூப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நினைவு தப்பியது. "சாயங்காலத்துக்குள்ள யூரின் வரலைன்னா மதுரைக்குக் கொண்டுபோகணும் சிஸ்டர். வழியில தாங்குவாளான்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

ஒன்றரை மணிக்கும் பாட்டில் காலியாகவே இருந்ததைப் பார்த்துவிட்டு, பெட்பேன் கழுவுகிற மூலைக்குப் போய் நின்றேன். அழுகை வரவில்லை. ஆண்டாள் தாயாரைக் கூப்பிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் வாய் வரவில்லை. குளிக்காமல் நான் ஒருநாளும் அவள் பேரைச் சொன்னது கிடையாது. கையெல்லாம் பினாயில் வாடை, சேலையெல்லாம் வாந்தி. இந்தத் தீட்டோடு எப்படிக் கூப்பிடுவது?

அப்புறம் யோசிக்கவில்லை. அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "தாயே ஆண்டாளே, நான் குளிக்கல. அழுக்கா இருக்கேன். அவ உசிரு போனா அது என் கையால போனதுதான். அவளைத் திருப்பிக் குடும்மா" என்றேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது என் மனசில் ஒன்றே ஒன்று தெளிவாக நின்றது. இன்னும் ஏழு பேர் அதே வறண்ட வாயோடு வார்டில் நிற்கிறார்கள். அந்த நினைப்பை நானாக நினைத்தேன் என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. பேச்சியைத் தவிர வேறு எதுவும் அப்போது என் மண்டையில் ஏறுகிற நிலைமையில் இல்லை.

எழுந்து ஓடினேன். நோயாளிகளுக்குக் காய்ச்சி ஆற்றி வைத்திருந்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு, ஒவ்வொருவரையும் வெளியே கூப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, என் கண்முன்னால் இரண்டு டம்ளர் குடிக்க வைத்தேன். சின்ன நர்ஸ் செல்வி பாதி டம்ளரிலேயே அழுதுவிட்டாள். "ரெண்டு நாளா கால் ரெண்டும் கொரக்களி பிடிச்சு இழுக்கு சிஸ்டர். சொன்னா வைவியளோன்னு சொல்லல" என்றாள். அவளைச் செத்த நேரம் படுக்க வைத்தேன். அடுத்து விழ வேண்டியவள் அவள்தான். பிறகு டாக்டரிடம் போனேன். பெண்கள் போக இடம் இல்லை என்று பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆம்பிளையிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் தன் அறைக் கக்கூஸ் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

சேத்தூரிலிருந்து பேச்சியின் மகள் வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு மணிக்கும் பாட்டில் காலி. மதுரைக்குக் கார் ஏற்பாடு பண்ணச் சொன்னார் டாக்டர். ஐந்து மணி சுமாருக்கு, கார் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். டியூபில் ஏதோ ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மனுஷியின் மூத்திரத்தைப் பார்த்து அன்றைக்கு அந்த வார்டே கையெடுத்துக் கும்பிட்டது.

இருட்டுவதற்கு முன்னால் பேச்சி கண் திறந்தாள். என்னைத் தேடிப் பார்த்தாள். உதட்டை அசைத்தாள். குனிந்து கேட்டேன்.

"சிஸ்டர், நான் இன்னும் குளிக்கலையே. ஒரு வாய் குடிக்கட்டுமா?"

நான் உடைந்துபோனேன். அவள் தலையை என் மடியில் எடுத்து வைத்து, ஸ்பூனால் ஊட்டினேன். கண்ணீர் அவள் முகத்தில் விழுந்தது. "என்னை மன்னிச்சிருட்டி" என்றேன். "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னிய" என்றாள். என்னைக் குறை சொல்லக்கூட அவளுக்குத் தெரியவில்லை. வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. பேச்சி தேறி, மகளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்து, பேரனையும் பார்த்துவிட்டாள். எனக்கு ‘நல்லதுக்குத்தானே’ என்ற அந்த வார்த்தையின் அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு என் வார்டில் வேலை தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் குடிக்க வேண்டும். பத்து மணிக்கு ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, நானே டம்ளரோடு போய் நிற்பேன். "சிஸ்டர் இப்ப தண்ணிக்காரியாயிட்டாவ" என்று செல்வி கேலி பண்ணுவாள். பண்ணட்டும்.

அடியார்களே, அழுக்கோடு கூப்பிட்டவளுக்கும் தாயார் காது கொடுத்தாள். அதைச் சொல்லத்தான் எழுதினேன். கையில் வேலையும் சேலையில் கறையுமாக நிற்கிறீர்களா? அப்படியே கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, உங்கள் வீட்டில் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் போய், நீ தண்ணீர் குடித்தாயா என்று கேளுங்கள். பேச்சியிடம் அதை நான் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.