கூரை ஒழுகியதால் வந்த பாதை

சுவக்கின் என்பவர் ஒரு பல்கலைக்கழகத்தின் மத்திய நிர்வாகத்தில் பியோன். தெல்தோட்டையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் குடியிருப்பவர். இருபத்தேழு வருடமாக அவர் கோப்பு சுமந்த கதையைச் சொல்லி மாளாது. மதிய இடைவேளையில் பஸ் பிடித்து ஓடிப்போய், எழுந்து நடமாட முடியாத மனைவி பியட்றிஸுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவார். அந்த ஓட்டத்துக்காகவே பதவி உயர்வைக்கூட வேண்டாம் என்று சொன்ன மனிதர்.

நிர்வாகத்தை மாற்றியமைக்கப் போகிறோம் என்று பெரிய அதிகாரிகள் கிளம்பினார்கள். அதில் வேலை இல்லாமல் போகிறவர்களைப் பல்கலைக்கழகத்தின் தூரத்துப் பண்ணைக்கு அனுப்புவார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. பொறுப்பாக வந்தவர் உதவிப் பதிவாளர் ஷஹ்மா. அக்குறணைப் பெண், பொல்லாத சுறுசுறுப்பு. ஒரு கோப்பின் பின்னாலேயே நடந்து, அது போன வழியைச் சுவரில் ஒட்டிய கட்டட வரைபடத்தில் சிவப்புக் கோடாக இழுத்துவிட்டார்.

அதன் முன்னால் நின்று சுவக்கின் வாயைப் பிளந்தார். கடிதம் தயாரிக்கும் எழுதுநர்களின் மண்டபமும் பதிவாளரின் அறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கோடோ இரண்டு மாடி ஏறி, ஒன்பது மேசைகளைச் சுற்றி, மறுபக்கப் படியால் இறங்கியது. இத்தனை காலமும் நான் நடந்தது இதுவா என்று மலைத்துப்போனார்.

“இப்பிடிச் சுத்தச் சொன்னது யாரு? ஒரு சுற்றறிக்கையும் கிடைக்கல்லயே,” என்றார் ஷஹ்மா.

பெரிய அதிகாரிகள் பழைய கோப்புகளைப் புரட்டினார்கள். விடை சுவக்கினுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் படியேறும் வேலை போய்விடும். பிறகு அவர் எதற்கு? பியட்றிஸ் கண்ணுக்குள் வந்தாள். ஒரு கடிதத்துக்காக வாரக்கணக்கில் வாசலில் காய்ந்த மாணவப் பிள்ளைகளும் வந்தார்கள்.

“மிஸ், நான் சேர்ந்த வருஷம் நடுவுல உள்ள விறாந்தைக் கூரை ஒழுகுச்சு. மழை விடுற வரைக்கும் மேல் மாடியால கொண்டு போகச் சொன்னாங்க. வழியில இருந்தவங்க எல்லாம் கையெழுத்துப் போடத் தொடங்கிட்டாங்க. பொறகு கூரையத் திருத்தினாங்க. கீழால போன்னுதான் யாரும் சொல்லல.”

ஓர் ஒழுக்குக்காக ஒரு பல்கலைக்கழகமே கால் நூற்றாண்டு படியேறி இறங்கியிருக்கிறது!

“அல்லாஹ்வே!” என்று ஷஹ்மா புதிதாக ஒரு கோடு போட்டார். விரல் நீளம்கூட இல்லை.

புதிய ஒழுங்கு தொடங்கிய நாளில், ஒன்பது மணிக்கு மண்டபத்தில் எழுதிய கடிதம் பத்து மணிக்குக் கையெழுத்தாகி வெளியே வந்தது. முன்பென்றால் மூன்று வாரம். “அம்மாடியோ, என்னா வேகம்!” என்று சுவக்கின் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். கடிதம் அவருக்குத்தான். திங்கட்கிழமையிலிருந்து பண்ணையில் வேலை. யாரை நோவது? மதியத்தில் அவர் ஓடும் வழி எந்த வரைபடத்திலும் இல்லையே.

அன்று பியட்றிஸுக்குச் சோறு ஊட்டியபடி அந்த வேகத்தைப் பற்றியே ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடிதம் யாருக்கு என்பதைக் கடைசிக் கவளத்துக்குப் பிறகுதான் சொன்னார்.