பணம் திரும்பி வந்த வாரம்

எங்க பேங்குக்கு மேலாபீஸ்ல ஒரு சார் இருந்தாரு. வாரா வாரம் போன் போட்டு, எவ்வளவு பணம் வெளிய போச்சு, எவ்வளவு உள்ள வந்துச்சுன்னு கேப்பாரு. வெளிய நெறைய போனா ஊர்ல யாவாரம் ஜோரா நடக்குதுன்னு அர்த்தமாம். உள்ள வந்தா ஜனங்க நிம்மதியா மிச்சம் பிடிக்காங்களாம். ஏசி ரூம்ல உக்காந்து கடலுக்கு நாடி பாக்குற வைத்தியர்! நான் பெரியதாழைப் பக்கம் ஒரு சின்னக் கிளையில கேஷியர். கடலை விட்டு உள்ள தள்ளி இருக்க நாசரேத்துக்காரி, கடல் எனக்கும் அன்னியந்தான். ஆனா நோட்டு எதுக்காக வெளிய போகுதுன்னு கவுண்டர்ல நிக்கிறவளுக்குத் தெரியாம இருக்குமா?

அந்தச் சனிக்கிழமை, கதவு திறக்கும் முன்னமே வாசல்ல கூட்டம். யாருமே சத்தம் போடல. எங்க கிளையைப் பெருக்கித் துடைக்கிற பிள்ளை, வாளியைத் தொடாம சுவரோட சாஞ்சி நின்னா.

"ஏளா, என்ன?"ன்னேன்.

"அவிய போன வள்ளம் கரை சேரலக்கா. நேத்தே வந்திருக்கணும்"னா. அவிய-ன்னா அவ புருஷன்.

இந்தக் கரையில ஒரு வழக்கம். ஒரு வள்ளம் வரலன்னா ஒருத்தனும் தொழிலுக்குப் போகமாட்டான், எல்லா வள்ளமும் தேடத்தான் போகும். டீசலுக்கு வீட்டுக்கு வீடு பணம் போடணும், அதுவும் ரொக்கமா. தேடிப் போறவன் எந்தக் கரையில ஏறுவானோ, அங்கன செல்போனைக் காட்டி டீசல் கேக்க முடியுமா? அதான் ஊரே சேமிப்பை எடுக்க வந்து நின்னுச்சு.

காத்து ஏறிக்கிட்டே இருந்துச்சு. "சீக்கிரம் தாயி, வெளிச்சம் இருக்கும்போதே தேடணும்"னு ஒரு பெரியவர் கெஞ்சுதாரு. பாதி வரிசை தீரும் முன்ன நல்ல நோட்டு காலி. பெட்டியில மிஞ்சினது அழுக்கு நோட்டுக் கட்டுகதான். உப்புத்தண்ணியில ஊறி, செதில் ஒட்டி, மறுபடி வெளிய விடக்கூடாதுன்னு மேல அனுப்பக் கட்டி வச்சது. மேனேஜர் ரூல்ஸ் பேசினாரு. தூத்துக்குடியிலருந்து புதுப்பணம் சாயங்காலம் வந்துரும்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு!

"சாயங்காலம் வரைக்கும் தண்ணியில கெடக்கவன் தாங்குவானா சார்? யாரும் கேட்டா என்னைக் கைகாட்டுங்க"ன்னு கத்திட்டேன்.

அவரு சுவரோரம் நின்னவளைப் பாத்தாரு. பெட்டியைத் திறக்கத் தன் பங்குச் சாவியை எடுத்தாரு. கிழிஞ்சதோ நனைஞ்சதோ, ஒருத்தனும் மொகஞ்சுளிக்காம வாங்கிட்டு ஓடினான்.

அப்பந்தான் மேலாபீஸ் சார் போன். "என்ன மேடம், பணம் பறக்குது? சீசன் நல்லாருக்கோ?"

"சீசன் இல்ல சார், பயம்"னுட்டு வச்சிட்டேன்.

திங்கக்கிழமையும் பணம் வெளியதான் போச்சு. செவ்வாயும் போச்சு. போகட்டும் ஆண்டவரே, போய்க்கிட்டே இருக்கட்டும்னு கவுண்டருக்குள்ள நின்னு வேண்டிக்கிட்டேன். போகிற வரைக்கும் தேடுதாங்கன்னுதானே அர்த்தம்.

அதுக்கு மறுநாள், சனிக்கிழமை கெஞ்சின அதே பெரியவர் பணம் கட்டுற சீட்டோட வந்து நின்னாரு. "டீசலுக்குப் போக மிச்சம், தாயி"ன்னாரு. என் மூஞ்சியைப் பாக்கல. அவருக்குப் பின்னால இன்னொருத்தர், அப்புறம் இன்னொருத்தர். வாங்க மாட்டேன்னு சொல்ல கேஷியருக்கு எங்க உரிமை இருக்கு? அன்னைக்கு முழுக்கப் பணம் உள்ளதான் வந்துச்சு. மேலாபீஸ் சாருக்கு ரொம்ப சந்தோசம். "நிலைமை சீராயிட்டு போலயே மேடம்"னாரு. வாயில நல்ல வசவு வந்துச்சு, முழுங்கிட்டேன்.

கணக்கு முடிக்கப் போற நேரம், அந்தப் பிள்ளை வரிசையில வந்து நின்னா. துடைக்க வந்தவ இல்ல, பாஸ்புக்கோட வந்திருந்தா. நீட்டின சீட்டு, பணம் எடுக்குற சீட்டு.

"இருக்கதை எல்லாம் எடுத்துக் குடுங்கக்கா. எங்க அண்ணன் மட்டும் இன்னொரு தடவை போறேன்னு சொல்லுதான்."

நோட்டை எடுத்து, பழக்கத்துல எண்ண ஆரம்பிச்சேன்.

"எண்ணாதீங்கக்கா, நேரமாவுது"ன்னா.